சிவனொளிபாதமலை: முதன்முறை ஏறுபவருக்கு முழு வழிகாட்டி

சிவனொளிபாதமலைக்குப் போய் வந்தவர்களிடம் கேட்டால் எல்லாரும் ஏறிய கதையைத்தான் சொல்வார்கள். இறங்கிய கதையை யாரும் சொல்வதில்லை. ஆனால் அடுத்த மூன்று நாளும் அவர்கள் நொண்டி நொண்டி நடப்பது இறங்கியதனால்தான்.

இந்த மலைக்கு மலையேற்றக் கலை எதுவும் தெரிந்திருக்கத் தேவையில்லை. கயிறு இல்லை, பாறையைப் பற்றித் தொங்கும் இடம் இல்லை. அடிவாரத்திலிருந்து உச்சிவரை பாதை போட்டுப் படி கட்டியிருக்கிறார்கள். எழுபது வயது தாண்டிய ஆச்சிமார் வெள்ளைச் சேலையோடு ஏறி இறங்குகிறார்கள். ஆகவே "என்னால் முடியுமா?" என்ற கேள்விக்கு, பெரிய நோய்நொடி இல்லாதவர்களுக்கு, முடியும் என்பதுதான் பதில். எந்த நாள், எத்தனை மணிக்கு, என்ன வேகத்தில், எப்படிப் பழக்கிய முழங்காலோடு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

உயரம் 2,243 மீற்றர். இலங்கையின் மிக உயர்ந்த மலை இதுவல்ல; அது 2,524 மீற்றர் பீதுருதாலகால. ஆனால் அதை யாரும் தேடிப் போவதில்லை. சுற்றியுள்ள மலைகளிலிருந்து தனித்து, கூம்பு போல எழுந்து நிற்பதாலும், உச்சிப் பாறையில் இருக்கும் பாதச் சுவட்டாலும் இதற்குத்தான் பெயர். சைவர்களுக்கு அது சிவன் பாதம், பௌத்தர்களுக்குப் புத்தர் பாதம், முஸ்லிம்களுக்கு ஆதம் நபியின் பாதம், கிறிஸ்தவர்களில் சிலருக்குப் புனித தோமையார் பாதம். 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு மன்னன் இங்கே வரும் யாத்திரிகர்களுக்கு உணவளிக்க ஊரையே மானியமாக எழுதி வைத்தான். 1344இல் இபின் பதூதா இங்கே ஏறியபோது பாறையில் அடித்திருந்த இரும்புச் சங்கிலியைப் பிடித்துத்தான் போயிருக்கிறார். நமக்குச் சீமெந்துப் படியும் மின்விளக்கும் இருக்கின்றன. குறை சொல்ல வழியில்லை.

எப்போது போவது

பருவகாலம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக் பௌர்ணமியில் முடிகிறது. ஏறத்தாழ இந்த ஐந்து மாதமும் இரவு முழுக்கப் பாதையில் விளக்கு எரியும், வழிநெடுகக் கடை இருக்கும், முதலுதவி நிலையங்களும் பொலிஸ் காவலும் இருக்கும். பருவகாலம் முடிந்ததும் உச்சியில் உள்ள, மலையின் காவல் தெய்வமான சமன் தெய்வத்தின் சிலையைக்கூட பெல்மதுளையில் உள்ள விகாரைக்குக் கொண்டுபோய் விடுவார்கள். அதற்குப் பிறகு தென்மேல் பருவமழை, மூடுபனி, கும்மிருட்டு, பூட்டிய கடைகள். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் அப்போதும் ஏறுகிறார்கள். முதன்முறை போகிறவர் அந்தப் பக்கமே தலைவைக்க வேண்டாம்.

பருவகாலத்துக்குள்ளும் ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரைதான் வானம் தெளிவாக இருக்க வாய்ப்பு அதிகம். டிசம்பரில் மழை குறுக்கிடலாம். மே மாதத்தில் அடுத்த மழை தொடங்கிவிடும்.

மாதத்தைவிட நாள் முக்கியம். பௌர்ணமியன்றும் நீண்ட விடுமுறைகளிலும் சனி இரவுகளிலும் சனம் அலைமோதும். உச்சிக்கு அருகே ஒரு படியில் பத்து நிமிடம் நிற்க வேண்டி வரும். குளிரில் அசையாமல் நிற்பது ஏறுவதைவிடக் கொடுமை. சூரிய உதயத்தைக் காணாமலே வரிசையில் நின்று விடிந்துபோனவர்கள் ஏராளம். செவ்வாய், புதன், வியாழன் இரவுகளில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். விரதம், நேர்த்தி என்று பௌர்ணமியிலேயே போகத்தான் வேண்டுமென்றால் முதல் நாள் இரவு ஒன்பது மணிக்கே ஏறத் தொடங்கிவிடுங்கள்.

எந்தப் பாதை

பாதைகள் பல. பெரும்பாலானோர் போவது ஹட்டன் பக்கமுள்ள நல்லதண்ணிப் பாதை. இரத்தினபுரியிலிருந்து பலாபத்தல வழியாகப் போவது பழைய அரச பாதை. குருவிட்டையிலிருந்து எரத்ன வழியாகவும் ஒன்று உண்டு. இவை இரண்டும் தாழ்நிலத்திலிருந்து தொடங்குவதால் ஏற்றமும் அதிகம், தூரமும் அதிகம், ஈரக் காட்டில் அட்டையும் அதிகம். நல்லதண்ணியே ஏறத்தாழ 1,250 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து நாம் ஏற வேண்டியது ஏறக்குறைய ஆயிரம் மீற்றர்தான். முதன்முறைக்கு நல்லதண்ணியில் ஏறி நல்லதண்ணியிலேயே இறங்குங்கள். "ஹட்டனால் ஏறி இரத்தினபுரியால் இறங்கலாம்" என்று கூட்டத்தில் ஒருவர் கட்டாயம் சொல்வார். அவரை அடுத்த வருடம் அனுப்பி வைக்கலாம்.

ஆறு கிழமைப் பயிற்சி

ஆயிரம் மீற்றர் என்பது மாடிக் கணக்கில் முந்நூற்றுச் சொச்சம் மாடி. ஐயாயிரத்துக்கு மேற்பட்ட படிகள். ஏறும்போது இதயமும் நுரையீரலும் வேலை செய்யும். மூச்சு வாங்கினால் நின்றுகொள்ளலாம், ஐந்து நிமிடத்தில் சரியாகிவிடும். இறங்கும்போது கதை வேறு. ஒவ்வொரு படியிலும் உடல் பாரம் முழுவதையும் தொடைத் தசை நீண்டுகொண்டே தாங்கிப் பிடிக்கிறது. தசையின் நுண்ணிழைகள் சேதமாவது இப்படி நீண்டபடி பாரம் தாங்கும்போதுதான். நின்று இளைப்பாறினால் அது போகாது. அதனால்தான் அந்த நோவு மலையில் தெரியாமல், மறுநாளும் அதற்கடுத்த நாளும் வந்து சேர்கிறது.

இதில் ஒரு நல்ல சேதியும் உண்டு. ஒருமுறை இப்படி இறங்கி நோவெடுத்த தசை, அடுத்த சில கிழமைகளுக்கு அதே வேலையில் அவ்வளவு நோகாது. பயிற்சியின் சூட்சுமம் இதுதான்: மாடி ஏறிவிட்டு லிஃப்டில் இறங்காதீர்கள். இறங்குவதுதான் பயிற்சி.

முதல் இரண்டு கிழமை: கிழமைக்கு மூன்று நாள் முக்கால் மணி நேரம் வேக நடை, இரண்டு நாள் பதினைந்து நிமிடம் படி. வேகம் வேண்டாம்.

மூன்றாம், நான்காம் கிழமை: படி நேரத்தை அரை மணி, முக்கால் மணி என்று கூட்டுங்கள். முதுகில் நாலு கிலோ பாரம். இரண்டு தண்ணீர்ப் போத்தலும் ஒரு தடித்த புத்தகமும் போதும். மலைக்குப் போடப்போகும் சப்பாத்தை இப்போதே போட்டுப் பழகுங்கள்.

ஐந்தாம் கிழமை: ஒரு நீண்ட நாள். பக்கத்தில் குன்றோ கோயில் மலையோ இருந்தால் அங்கே போய் இரண்டு மணி நேரம் ஏறி இறங்குங்கள். எதுவும் இல்லையென்றால் பத்து மாடிக் கட்டடம் ஒன்றைப் பிடித்து ஏழெட்டுத் தடவை ஏறி இறங்குங்கள். காவலாளி ஒரு மாதிரிப் பார்ப்பார், பரவாயில்லை. மறுநாள் தொடை நோக வேண்டும். நோகவில்லையென்றால் போதாது.

ஆறாம் கிழமை: மெல்லிய நடை மட்டும். தூக்கம்.

இதய நோய், கட்டுப்பாட்டில் இல்லாத இரத்த அழுத்தம், ஆஸ்துமா, முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் புறப்படக் கூடாது. பாதையில் நெஞ்சுவலி வந்து இறந்தவர்கள் உண்டு. படியில் வாகனம் வராது. யாருக்கு என்ன ஆனாலும் தூக்குப் படுக்கையில் வைத்து ஆட்கள் சுமந்துதான் இறக்க வேண்டும். உயரத்தால் வரும் மலைநோய் பற்றிய பயம் மட்டும் வேண்டாம். இந்த உயரத்தில், ஓர் இரவில் ஏறி இறங்குபவருக்கு, அது பெரும்பாலும் வராது.

பையில் என்ன

மாற்றுச் சட்டை. முதலில் இதை எழுதுவதற்குக் காரணம் உண்டு. நல்லதண்ணியைவிட உச்சி ஆறேழு பாகை குளிராக இருக்கும், விடியற்காலையில் பத்து பாகைக்கும் கீழே போகும், அதற்குமேல் காற்று. ஏறும்போது வியர்வையில் நனைந்த பனியனோடு அந்தக் காற்றில் உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் பல் தந்தியடிக்கும். உச்சிக்குச் சற்றுக் கீழே, கடைசிக் கடைகளில் ஒன்றில் ஒதுங்கி, ஈரத்தைத் துவாயால் துடைத்து, காய்ந்த சட்டையும் அதற்குமேல் கம்பளிச் சட்டையும் காற்றுப் புகாத ஜெக்கட்டும் போட்டுக்கொள்ளுங்கள். ஏறும்போது ஜெக்கட் போடவே வேண்டாம். கீழே புறப்படும்போது கொஞ்சம் குளிர வேண்டும். முதல் அரை மணியில் உடம்பு சூடாகிவிடும்.

மற்றவை: காதை மூடும் தொப்பி, கையுறை, தடித்த காலுறை இரண்டு சோடி, தலையில் கட்டும் டோர்ச் (விளக்கு எரிந்தாலும் மின்சாரம் போகும்), ஒன்றரை லீற்றர் தண்ணீர், ஜீவனி (தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் உப்புச் சீனிக் கலவை) பொட்டலம் ஒன்றிரண்டு, பேரீச்சம்பழம், கச்சான், பிஸ்கட், மழைக்கு மெல்லிய கோட், கால் கொப்புளத்துக்குப் பிளாஸ்டர், சில்லறைக் காசு. ஒருதடவை பாவித்து வீசும் பிளாஸ்டிக், பொலித்தீன் பைகளைக் கொண்டுபோகாதீர்கள். மலையைச் சுற்றியுள்ளது பாதுகாக்கப்பட்ட காடு, 2010இல் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது. மது, போதைப்பொருள் அறவே கூடாது. பொலிஸ் சோதனை உண்டு.

சப்பாத்தில் பிடிமானம் முக்கியம். பனி விழுந்த சீமெந்துப் படி வழுக்கும். விலை உயர்ந்த மலையேற்றச் சப்பாத்துத் தேவையில்லை. அடி தேயாத சாதாரண ஓட்டச் சப்பாத்துப் போதும். அன்றைக்கு வாங்கியது வேண்டவே வேண்டாம். ஊன்றுகோல் இருந்தால் இறக்கத்தில் கைகொடுக்கும்.

நல்லதண்ணிவரை

கொழும்புக் கோட்டையிலிருந்து பதுளை ரயிலில் ஏறி ஹட்டனில் இறங்குங்கள். நாலரை, ஐந்து மணி நேரம். ஹட்டனிலிருந்து நோர்வூட், மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ். பருவகாலத்தில் நேரடி பஸ்கள் அடிக்கடி ஓடும். வழி முழுக்கத் தேயிலைத் தோட்டம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் லயன்கள், மூலைக்கு மூலை மாரியம்மன் கோயில். தமிழ் மட்டும் தெரிந்தாலே சமாளித்துவிடலாம். மவுஸ்ஸாகலை நீர்த்தேக்கத்தைப் பஸ் சுற்றிப் போகும்போது தேங்கியிருக்கும் நீரைப் பாருங்கள். பழைய மஸ்கெலியா நகரம் அதற்கடியில்தான் இருக்கிறது. வறட்சியில் நீர் வற்றினால் அந்த ஊரின் கோயில், பள்ளிவாசல், விகாரை இடிபாடுகள் வெளியே தலைநீட்டும்.

இரவு ரயிலில் வந்து நேரே ஏறுவது பலர் செய்வது. உறக்கமில்லாத உடம்போடு ஏறலாம், ஆனால் காலையில் தள்ளாடியபடி ஐயாயிரம் படி இறங்க வேண்டியிருக்கும். முதல் நாள் பிற்பகலே நல்லதண்ணிக்கு வந்து சேர்ந்து, மாலை ஏழு மணிக்குச் சோறு சாப்பிட்டு, எட்டு மணிக்குப் படுத்து, ஒன்றேகாலுக்கு எழும்புங்கள். தங்குவதற்கு எளிமையான விடுதிகள் நிறைய உண்டு. மழை காலமாயிருந்தால் புறப்படும் முன் ரயில் ஓடுகிறதா, வீதி திறந்திருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள். மலைநாட்டில் மண்சரிவு சொல்லிக்கொண்டு வராது.

ஏற்றம்

சாதாரண நாளென்றால் இரண்டு மணிக்குப் புறப்படுங்கள். மூன்று, மூன்றரை மணி நேரத்தில் ஏறிவிடலாம். சூரியன் ஜனவரி, பெப்ரவரியில் ஆறரை மணியை ஒட்டியும் ஏப்ரலில் ஆறு மணியை ஒட்டியும் உதிக்கும். ஐந்தரைக்கு உச்சியில் இருந்தால் போதும். துடிப்பான இளைஞர்கள் நள்ளிரவில் புறப்பட்டு மூன்று மணிக்கே மேலே போய், மூன்று மணி நேரம் நடுங்கிக்கொண்டிருப்பார்கள். சீக்கிரம் போனவருக்குச் சூரியன் சீக்கிரம் வருவதில்லை.

முதல் அரை மணி கடைத்தெரு. பொரி, தொதல், பொம்மை, கம்பளித் தொப்பி எல்லாம் விளக்கொளியில் மின்னும். பாதை ஏறக்குறையச் சமதரை. இங்கேதான் பலர் வேகமாக நடந்து சக்தியை வீணாக்குகிறார்கள். பக்கத்தில் வருபவரோடு மூச்சிரைக்காமல் முழு வாக்கியம் பேச முடிகிறதா என்று பாருங்கள். முடியவில்லையென்றால் வேகம் அதிகம். நுழைவுச் சீட்டு இல்லை. நன்கொடைப் புத்தகம் நீட்டப்பட்டால் விரும்பியதைப் போடலாம், கட்டாயமில்லை.

மகர தோரணத்தையும் ஜப்பானிய பௌத்தர்கள் கட்டிய வெள்ளைத் தாதுகோபத்தையும் தாண்டினால் சீத கங்குல. பனிக்கட்டி போல ஓடும் ஓடை. யாத்திரிகர் இங்கே குளித்தோ முகம் கை கால் கழுவியோதான் மேலே போவார்கள். நீங்கள் முகம் கழுவினால் போதும். காலுறை நனைந்தால் அங்கேயே மாற்றுங்கள். ஈரக் காலுறைதான் கொப்புளத்துக்கு முதல் காரணம்.

இதற்குப் பிறகுதான் மலை தன் குணத்தைக் காட்டும். படிகள் ஒரே அளவில்லை. ஒன்று நாலு அங்குலம், அடுத்தது முழங்கால்வரை. இப்படி ஏறுங்கள்: பாதத்தை முழுதாகப் படியில் வையுங்கள், நுனிக்காலில் ஏறினால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். உயரமான படிக்குப் பக்கத்தில் சின்னப் படி இருந்தால் அதில் ஏறுங்கள். இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் நின்றபடி ஓய்வு. உட்கார்ந்தால் எழும்ப மனம் வராது. தாகம் வருமுன் இரண்டு மிடறு தண்ணீர். ஒரு மணிக்கு ஒருமுறை ஏதாவது வாயில் போடுங்கள்.

கையில் கம்பியைப் பிடித்தபடி, பத்துப் படி ஏறி பத்து மூச்சு நின்று, மறுபடி பத்துப் படி ஏறும் ஆச்சி ஒருவரைக் கட்டாயம் காண்பீர்கள். அவரைத் தாண்டிப் போவீர்கள். அடுத்த கடையில் நீங்கள் கால் நீட்டிக் கிடக்கும்போது அவர் உங்களைத் தாண்டிப் போவார். அவருடைய தாளம்தான் சரியான தாளம். எந்த ஊர்ப் பயிற்சியாளரும் இதைவிட நன்றாகச் சொல்லித் தரமாட்டார்.

கெத்தம்பானையில் ஊசியும் வெள்ளை நூலும் விற்பார்கள். புத்தர் இங்கே தம் காவியைத் தைத்தார் என்பது ஐதீகம். யாத்திரிகர் நூலை அங்கே கட்டி, ஏற ஏற உருட்டிக்கொண்டே போவார்கள். படியோரக் கம்பியெல்லாம் வெள்ளை நூல் சிலந்தி வலையாக அப்பியிருக்கும், காலில் சிக்காமல் பாருங்கள். மேலிருந்து இறங்குபவர்களும் கீழிருந்து ஏறுபவர்களும் சிங்களத்தில் பாட்டாகவே ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள்: கும்பிடப் போகிற கூட்டத்துக்குச் சமன் தெய்வம் துணை, கும்பிட்டு இறங்குகிற கூட்டத்துக்கும் துணை என்று. நீங்கள் "அரோகரா" என்றாலும் யாரும் முகம் சுளிக்கமாட்டார்கள். இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கக் கூடாது என்பார்கள் பழையவர்கள். நல்ல கட்டுப்பாடு. கேட்டாலும் சரியான பதில் கிடைக்காது. ஏறுகிற எல்லாருக்கும் "இதோ வந்துவிட்டது" என்றுதான் சொல்வார்கள்.

உயரம் கூடக் கூடக் கடையில் பிளேன்டீ விலையும் ஏறும். பேரம் பேசாதீர்கள். சீனி, தேயிலை, அடுப்புக்கு எரிவாயு உருளை எல்லாம் ஒருவர் தோளில் சுமந்து அதே படியில் ஏறித்தான் அங்கே வந்திருக்கிறது.

கடைசிப் பகுதி மகாகிரிதம்ப. செங்குத்து, இரு பக்கமும் இரும்புக் கம்பி. இங்கே ஓர் ஐம்பது படிக்கு ஒருமுறை நின்றாலும் தப்பில்லை. கம்பியைக் கையால் இழுத்து ஏறினால் காலுக்குக் கொஞ்சம் இளைப்பு. இதற்குமுன் சொன்ன சட்டை மாற்றும் வேலையை இந்த ஏற்றத்துக்கு இடையிலோ முடிவிலோ வரும் கடையில் செய்துகொள்ளுங்கள்.

உச்சியில்

இடம் சின்னது. கோயில் முற்றத்துக்குப் போகச் சப்பாத்தைக் கழற்ற வேண்டும்; கல்தரை பனிக்கட்டியாக இருக்கும், இரண்டாவது சோடிக் காலுறை இதற்குத்தான். தோளும் முழங்காலும் மறையும் உடை வேண்டும். பாத மண்டபத்துக்குள் படம் எடுக்கக் கூடாது. கும்பிட்டு வந்து காண்டாமணியை அடியுங்கள்: எத்தனையாவது தடவை ஏறுகிறீர்களோ அத்தனை அடி. உங்களுக்கு ஒன்று. பின்னால் நிற்பவர் இருபது, முப்பது என்று அடித்துக்கொண்டே போவதும் உண்டு.

சூரியன் கிழக்கே கிளம்பியதும் எல்லாரும் கைபேசியை அந்தப் பக்கம் நீட்டியபடியே நிற்பார்கள். நீங்கள் திரும்பி மேற்குப் பக்கம் போங்கள். மலையின் நிழல் பள்ளத்தாக்கின் பனிமூட்டத்தின்மேல் அச்செடுத்த முக்கோணமாக விழுந்திருக்கும். மலை கூம்பாக இருப்பதால்தான் நிழலும் முக்கோணம் என்று நினைப்போம். உண்மையில் எந்த வடிவ மலையின் நிழலையும் உச்சியிலிருந்து பார்த்தால் முக்கோணமாகத்தான் தெரியும். ரயில் தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வதுபோல, பல மைல் நீளும் நிழலின் இரு விளிம்பும் தொலைவில் கூடிவிடுகின்றன. சூரியன் ஏற ஏற அது சுருங்கி மலையடிக்கு வந்துவிடும். சில நிமிடக் காட்சிதான். மூடுபனி இருந்தால் எதுவும் தெரியாது. அப்படி ஆவதும் சகஜம்.

இறக்கம்

ஏழு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள். வெயில் ஏறிவிட்டால் நிழலில்லாத படிகளில் தலை காயும். ஜெக்கட்டைக் கழற்றிப் பையில் வைத்து, சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டுங்கள். தளர்ந்திருந்தால் பெருவிரல் முன்னே போய் இடித்து நகம் கறுத்துவிடும்.

பையன்கள் குதித்துக் குதித்து ஓடுவார்கள். பின்னால் போகாதீர்கள். முழங்காலைச் சற்று மடித்தே வைத்திருங்கள், விறைப்பாக நீட்டி ஊன்றினால் அதிர்ச்சி நேரே மூட்டுக்குப் போகும். உயரமான படியில் பக்கவாட்டாகத் திரும்பி இறங்குங்கள், பக்கத்தை மாற்றி மாற்றி. ஊன்றுகோலை முதலில் கீழ்ப்படியில் ஊன்றி, பிறகு காலை வையுங்கள். கால் நடுங்கத் தொடங்கினால் அது தசை களைத்த அடையாளம். அப்போதுதான் தடுக்கி விழுவார்கள். உட்கார்ந்து ஏதாவது சாப்பிட்டு, ஜீவனி கரைத்துக் குடித்துவிட்டு எழும்புங்கள். இறங்கும்போது உட்காரலாம், தப்பில்லை.

இரண்டரை மணி நேரம் ஆகும், மூன்றும் ஆகலாம். இரவில் தெரியாத தேயிலை மலைகளும் காட்டுப் பூக்களும் இப்போதுதான் கண்ணில் படும். நின்று பாருங்கள், நடந்தபடி பார்க்காதீர்கள். சீத கங்குலைக்கு வந்ததும் காலைத் தண்ணீரில் பத்து நிமிடம் வையுங்கள்.

நல்லதண்ணியில் பத்து மணிவாக்கில் ரொட்டியும் கட்டசம்பலும் சாப்பிட்டு, பஸ்ஸில் ஏறும்முன் பத்து நிமிடம் தொடையையும் கெண்டைக்காலையும் நீட்டி விடுங்கள். ஹட்டனிலிருந்து ரயிலில் ஐந்து மணி நேரம் ஒரே இருக்கையில் இருந்தால் இறங்கும்போது கால் பலகையாகிவிடும், இடையிடையே எழுந்து நடங்கள். மறுநாளைவிட அதற்கடுத்த நாள்தான் நோவு உச்சத்தில் இருக்கும். ஆகவே இந்தப் பயணத்தோடு எல்ல, ஹோட்டன் சமவெளி என்று இன்னொரு நடையைச் சேர்ப்பதாயிருந்தால் நடுவில் மூன்று நாள் விடுங்கள். தங்கும் அறையையும் கீழ்த்தளத்திலேயே கேட்டு வாங்குங்கள்.